லேப் ரிப்போர்ட்டும் வாடிய இலையும்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதக் கடிதங்களில் பாதி குழந்தைகளின் ரத்தப் பரிசோதனை பற்றியவை, மீதி செடி கொடி பற்றியவை. இரண்டையும் பிரித்துத் தனித்தனியாகப் போடலாமா என்று யோசித்தேன், வேண்டாம் என்று விட்டுவிட்டேன். காரணம் படிக்கும்போது உங்களுக்கே புரியும்.

கும்பகோணம் வாசகி: என் மகனுக்கு நாலு வயது. சரியாகச் சாப்பிடுவதில்லை என்று டாக்டரிடம் போனோம், ரத்தம் எடுக்கச் சொன்னார். எல்லாம் சரியாக இருக்கிறது, ஆல்கலைன் பாஸ்படேஸ் மட்டும் 310 என்று போட்டு, பக்கத்தில் 'எச்' என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. நார்மல் 40 முதல் 129 வரையாம். நெட்டில் தேடினால் கல்லீரல் கோளாறு, பித்தநாள அடைப்பு என்று என்னென்னவோ வருகிறது. டாக்டர் ஊரில் இல்லை. எனக்குத் தூக்கமே வரவில்லை.

நன்றாகத் தூங்குங்கள் அம்மா. அந்த 40–129 என்பது உங்கள் வீட்டுக்காரருக்கான அளவு, பையனுக்கானது இல்லை. ஆல்கலைன் பாஸ்படேஸ் கல்லீரலிலிருந்து மட்டும் வருவதில்லை. எலும்பு கட்டும் செல்களிலிருந்தும் ரத்தத்துக்கு வரும். வளர்கிற பிள்ளைக்கு எலும்பு தினமும் கட்டப்பட்டுக்கொண்டே இருப்பதால் இந்த நொதி பெரியவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு இருப்பது சகஜம், நாலு வயதுக்கு 310 என்பது வழக்கமான எல்லைக்குள்தான். பல லேப்களில் கம்ப்யூட்டரில் பெரியவர்களுக்கான எல்லையை மட்டும் ஏற்றி வைத்திருக்கிறார்கள், வயது என்ன என்று அது பார்ப்பதில்லை, எண் தாண்டினால் 'எச்' அடித்துவிடும்.

கல்லீரல்தானா என்று டாக்டருக்குச் சந்தேகம் இருந்தால் காமா ஜிடி என்று இன்னொரு நொதியைப் பார்ப்பார். அது எலும்பிலிருந்து வராது, ஆகவே அது சரியாக இருந்தால் கல்லீரல் பயம் பெரும்பாலும் போய்விடும். கால் வளைந்திருக்கிறது, மணிக்கட்டு தடித்திருக்கிறது என்றால் ரிக்கெட்ஸா (எலும்பு மென்மையாகும் நோயா) என்று பார்க்க வைட்டமின் டி, பாஸ்பரஸ், மணிக்கட்டு எக்ஸ்ரே எடுப்பார்கள். அப்புறம் ஒன்று, அஞ்சு வயதுக்குக் கீழ் உள்ள சில குழந்தைகளுக்கு ஒரு சாதாரண வயிற்றுப்போக்கோ சளியோ வந்த பிறகு இந்த எண் ஆயிரக்கணக்கில் ஏறி, எந்த மருந்தும் இல்லாமல் சில மாதங்களில் தானே இறங்கிவிடும். அதையும் பார்த்துப் பதறிப்போய் பெரிய ஊருக்கு ஓடுகிறவர்கள் உண்டு.

எனக்கு உண்மையில் கவலை இதற்கு நேர் எதிரான விஷயத்தில். தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு கிரியேட்டினின். இரண்டு வயதுக் குழந்தையின் ரிப்போர்ட்டில் அது 0.9 என்று இருந்தால் எந்த 'எச்'சும் விழாது, பெரியவர்களுக்கு அது நார்மல். ஆனால் அந்த வயதில் தசை குறைவு, கிரியேட்டினின் 0.2, 0.3, மிஞ்சிப் போனால் 0.4 இருக்க வேண்டும். 0.9 என்றால் சிறுநீரகம் பாதித் திறனில்கூட இல்லை என்று அர்த்தம். தடித்த எழுத்து இல்லாததால் யாரும் திரும்பிப் பார்க்காமல் போகிற எண் அது. அதனால் ரிப்போர்ட் வாங்கும்போது "இது குழந்தைகளுக்கான அளவா?" என்று கவுண்டரிலேயே கேளுங்கள்.

திருநெல்வேலி வாசகி: அடுத்த மாதம் எனக்குப் பிரசவம். பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்து டெஸ்ட் செய்ய வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள். "பார்க்க நல்லா இருக்கிற பிள்ளையை எதுக்குக் குத்தணும்" என்கிறார் என் மாமியார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

பார்க்க நன்றாக இருக்கும்போதே கண்டுபிடிக்கத்தான் அந்த டெஸ்ட். பிறவித் தைராய்டு குறைபாடு உள்ள குழந்தை பிறக்கும்போது மற்ற குழந்தைகளைப் போலத்தான் இருக்கும், ஏனென்றால் வயிற்றில் இருந்தவரை அம்மாவின் தைராய்டு ஹார்மோன் கொஞ்சம் காப்பாற்றியிருக்கும். அறிகுறிகள் தெரியும்வரை காத்திருந்தால் மூளை வளர்ச்சியில் இழந்ததைத் திரும்பப் பெற முடியாது. பிறந்து இரண்டு வாரத்துக்குள் மாத்திரை ஆரம்பித்துவிட்டால் பிள்ளை எல்லாரையும் போல வளரும், மாத்திரையும் விலை குறைவானதுதான். நம் நாட்டில் இது ஏறத்தாழ ஆயிரம் பிறப்புக்கு ஒன்று என்ற அளவில் வருகிறது, அரிய நோய் என்று ஒதுக்க முடியாது.

குதிகால் ரத்தத்துக்கு ஒரு கதை இருக்கிறது. நார்வேயில் போர்க்னி எகலாண்ட் என்ற தாய்க்கு இரண்டு குழந்தைகள், இரண்டும் மூளை வளர்ச்சி குன்றியவை, இரண்டின் மேலும் ஒரு விநோத வாடை வீசியது. காட்டாத டாக்டர் இல்லை, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவரிடம் போனார்கள், அவர் வேதியியலும் படித்தவர். குழந்தைகளின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு விட்டார், வழக்கத்துக்கு மாறாக அது கரும்பச்சையாக மாறியது. விடாமல் அந்த அம்மாவை லிட்டர் கணக்கில் சிறுநீர் கொண்டுவரச் சொல்லி, அந்தப் பச்சைக்குக் காரணமான ஃபினைல்பைருவிக் அமிலத்தைப் பிரித்தெடுத்து 1934-ல் எழுதினார். பினைல்கீட்டோன்யூரியா என்று இன்று சொல்கிற நோய், அதாவது உணவிலுள்ள ஃபினைல்அலனைன் என்ற அமினோ அமிலத்தை உடம்பால் சிதைக்க முடியாத நோய், அப்படித்தான் வெளியே வந்தது. ஆனால் சிறுநீரில் பச்சை நிறம் வருவதற்குள் மூளைக்குக் கேடு தொடங்கியிருக்கும். 1953-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் உணவுக் கட்டுப்பாட்டால் பலன் உண்டு என்று காட்டினார்கள், அப்போதுதான் சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டிய அவசரம் வந்தது. அமெரிக்காவில் ராபர்ட் கத்ரி 1960-களின் தொடக்கத்தில் வழி சொன்னார்: வடிதாளில் ஒரு சொட்டு ரத்தம் ஊறவைத்து உலர்த்தினால் போதும். கத்ரியின் மகனுக்கே மனவளர்ச்சிக் குறைபாடு இருந்தது, அவருடைய உறவுக் குழந்தை ஒன்றுக்கு இந்த நோயே இருந்தது.

ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள். பிறந்த சில மணி நேரத்தில் எந்தக் குழந்தைக்கும் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், டெஸ்டில் பார்ப்பது இதைத்தான்) திடீரென்று ஏறும், வெளியுலகக் குளிருக்கு உடம்பு காட்டும் எதிர்வினை அது. ஆகவே முடிந்தவரை 48 மணி நேரம் கழித்து எடுப்பார்கள், சீக்கிரம் டிஸ்சார்ஜ் ஆகிறீர்கள் என்றால் எப்போது எடுப்பார்கள் என்று கேட்டு வையுங்கள். மாமியாரிடம் தடுப்பூசி குத்துவதைவிட இது சின்னக் குத்து என்று சொல்லுங்கள். கேரள அரசு தன் மருத்துவமனைகளில் இதைத் திட்டமாகவே செய்கிறது.

தஞ்சாவூர் மாணவர்: முதுகலை தாவரவியல் படிக்கிறேன் சார். இரண்டு நெல் ரகங்களைத் தொட்டியில் வளர்த்து ஒரு வாரம் தண்ணீரை நிறுத்தினேன். ஒன்றில் ப்ரோலின் என்ற அமினோ அமிலம் பல மடங்கு ஏறிவிட்டது, இன்னொன்றில் கொஞ்சம்தான். அதிகம் ஏறியதுதான் வறட்சி தாங்கும் ரகம் என்று எழுதலாமா?

அவசரப்பட வேண்டாம் தம்பி. இந்த ஒரு முடிவை எழுதிப் பட்டம் வாங்கியவர்கள் ஏராளம், அதனால் அது சரியாகிவிடாது.

ப்ரோலின் ஏறுவது உண்மை. 1954-லேயே வாடிய ரைப்புல்லில் கெம்பிள், மக்ஃபெர்சன் என்ற இருவர் பார்த்து எழுதிவிட்டார்கள். அதன்பின் 1973-ல் பேட்ஸும் உடன் இருந்தவர்களும் ஒரு சுலபமான முறை கொடுத்தார்கள்: இலையை சல்போசாலிசிலிக் அமிலத்தில் அரைத்து, அமில நின்ஹைட்ரினோடு கொதிக்க வைத்து, வரும் சிவப்பை டொலுவீனில் பிரித்து 520 நானோமீட்டரில் படிக்க வேண்டியதுதான். நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள். செலவு குறைவு, எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் செய்யலாம், எண் பெரிதாக வருகிறது, வரைபடம் அழகாக இருக்கிறது. ப்ரோலின் மேல் இவ்வளவு கட்டுரைகள் வரக் காரணம் செடியைவிட அந்த முறையின் சௌகரியம்தான் என்பது என் சந்தேகம்.

இப்போது உங்கள் தொட்டிக்கு வருவோம். தண்ணீரை நிறுத்திய ஒரு வாரத்தில் இரண்டு ரகமும் ஒரே அளவு காய்ந்தனவா? ஒன்றுக்கு இலை பெரிது, நீராவிப்போக்கு அதிகம், தொட்டி மண் மூன்றாம் நாளே காய்ந்திருக்கும். இன்னொன்று இலைத்துளைகளைச் சீக்கிரம் மூடிக்கொண்டு ஏழாம் நாளிலும் நிதானமாக இருந்திருக்கும். முதலாவதில் ப்ரோலின் எகிறியது என்றால், அதற்கு அடி பலமாக விழுந்தது என்றுகூடப் படிக்கலாம். வாற்கோதுமையில் 1970-களிலேயே இந்தச் சண்டை நடந்தது, ஒரு தரப்பு இதைத் தாங்குதிறனின் அடையாளம் என்றது, மறு தரப்பு இலை வாடியதன் விளைவு மட்டுமே என்றது. இன்றும் ஒரே பதில் கிடையாது. நீரைப் பிடித்துவைக்கவும் புரதங்களைக் காக்கவும் ப்ரோலின் உதவுகிறது என்பதற்கும் ஆதாரம் உண்டு, அதனால்தான் விஷயம் சிக்கல்.

செய்ய வேண்டியது இது. ஒவ்வொரு முறை இலை எடுக்கும்போதும் அதே இலையில் ஒப்பு நீர் அளவையும் (இலை முழுதாக நீர் ஏற்றால் இருக்கும் அளவில் இப்போது எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதையும்) பாருங்கள். நாளை வைத்து ஒப்பிடாமல், இரண்டு ரகமும் ஒரே ஒப்பு நீர் அளவில், உதாரணமாக 70 சதவீதத்தில், இருக்கும்போது ப்ரோலினை ஒப்பிடுங்கள். பிறகு தண்ணீர் விட்டு எது மீள்கிறது, ப்ரோலின் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பாருங்கள், நெல் என்பதால் முடிந்தால் கதிர் எடையையும் எடுங்கள். ப்ரோலினைப் புது எடைக்குக் கணக்கிட்டீர்களா, உலர் எடைக்கா? வாடிய இலையில் தண்ணீர் போய்விட்டதால் புது எடைக்குக் கணக்கிட்டாலே எதுவும் ஏறியது போலத் தெரியும். இதெல்லாம் செய்த பிறகும் அந்த ரகம்தான் முன்னால் நிற்கிறது என்றால் தாராளமாக எழுதுங்கள்.

மதுரை வாசகர்: எம்டிஏ என்று ஒன்றைக் குழந்தைகளின் ரத்தத்திலும் அளக்கிறார்கள், செடி இலையிலும் அளக்கிறார்கள் என்று படித்தேன். ஒரே பொருளா? அது ஏறினால் கெடுதி என்றால் ஆன்டிஆக்ஸிடன்ட் டானிக் குடித்தால் இறங்கிவிடுமே?

ஒரே பொருள்தான். மாலோன்டையால்டிஹைடு. செல்லைச் சுற்றியுள்ள சவ்வில் இரட்டைப் பிணைப்புகள் நிறைந்த கொழுப்பு அமிலங்கள் இருக்கின்றன, வெயிலோ உப்போ கிருமியோ காரணமாக வினைத்திறன் மிக்க ஆக்ஸிஜன் வடிவங்கள் பெருகும்போது அவை அரிக்கப்பட்டு உடைகின்றன, உடைந்த துண்டுகளில் இது ஒன்று. தயோபார்பிட்யூரிக் அமிலத்தோடு சூடாக்கினால் இளஞ்சிவப்பு வரும், 532 நானோமீட்டரில் படிப்பார்கள். இலையில் இதைப் பயன்படுத்துகிறவர்கள் பெரும்பாலும் ஹீத், பாக்கர் இருவரின் 1968-ஆம் ஆண்டுக் கட்டுரையைத்தான் மேற்கோள் காட்டுவார்கள். குழந்தை மருத்துவ ஆய்விலும் அதே அமிலம், அதே இளஞ்சிவப்பு.

ஒரே தொல்லையும்கூட. சிவந்த இலைகளில் உள்ள ஆந்தோசயனினும் சர்க்கரைகளும் அந்த அலைநீளத்தில் குறுக்கிட்டு எண்ணை ஏற்றிக் காட்டும், மஞ்சள் காமாலை வந்த குழந்தையின் ரத்தத்தில் பிலிருபின் குறுக்கிடும். அதற்குத் திருத்தம் செய்தார்களா என்று பார்க்காமல் அந்த எண்ணை நம்பக் கூடாது. தவிர, எம்டிஏ எந்த நோயின் பெயரையும் சொல்லாது. தலசீமியாவிலும் ஏறும், நிமோனியாவிலும் ஏறும். எங்கோ சவ்வு உடைகிறது என்று மட்டும் தெரியும்.

டானிக் விஷயத்துக்கு நேரடியான பதில் ஆப்பிரிக்க நாடான மலாவியில் கிடைத்தது. குவாஷியோர்கர் என்று ஒரு நோய், ஊட்டச்சத்துக் குறைவில் குழந்தைக்குக் காலும் முகமும் வீங்கிவிடும். அந்தக் குழந்தைகளின் ரத்தத்தில் குளூட்டாதையோன் என்ற, உடம்பே தயாரிக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் குறைந்திருந்தது, ஆக்ஸிஜனேற்றச் சேதத்தின் அடையாளங்கள் கூடியிருந்தன. 1980-களில் மைக்கேல் கோல்டன் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாவும் இந்தச் சேதம்தான் வீக்கத்துக்கே காரணமாக இருக்கலாம் என்றார்கள். கேட்க மிகவும் பொருத்தமாக இருந்தது. பிறகு மலாவியின் கிராமங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளில் ஒரு பகுதிக்கு வைட்டமின் ஈ, செலினியம், ரிபோஃப்ளேவின், அசிட்டைல்சிஸ்டீன் கலந்து கொடுத்தும், மற்றவர்களுக்கு வெறும் பொடி கொடுத்தும் பார்த்து 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். குவாஷியோர்கர் குறையவில்லை. நோயோடு சேர்ந்து ஏறுகிற ஒன்று நோயை உண்டாக்கியதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, தஞ்சாவூர்த் தம்பியும் இதைப் படித்து வைக்கலாம். டானிக் காசுக்கு முட்டையும் கடலையும் வாங்கிக் கொடுங்கள்.

சேலம் வாசகர்: மூன்று வயது மகளுக்கு நேற்றிரவு காய்ச்சல் ஆரம்பித்தது, காலையில் நாங்களாகவே சிஆர்பி டெஸ்ட் எடுத்தோம், நார்மல். கிருமித் தொற்று இல்லை என்று நிம்மதியாக இருக்கலாமா?

இன்னும் முடியாது. சிஆர்பி என்பது அழற்சியின்போது ஏறும் ஒரு புரதம், அது கல்லீரலில் தயாராகி ரத்தத்துக்கு வர ஆறிலிருந்து எட்டு மணி நேரமாவது பிடிக்கும், உச்சத்துக்குப் போக ஏறக்குறைய இரண்டு நாள். காய்ச்சல் தொடங்கிய சில மணி நேரத்தில் எடுத்தது காலி ஸ்டேஷனில் ரயிலைத் தேடியது மாதிரி. மறுபக்கம், ஏறியிருந்தாலே பாக்டீரியா என்றும் சொல்ல முடியாது. அடினோ வைரஸ் ஒன்றே போதும், எண்ணை நன்றாக ஏற்றிவிடும். 1930-ல் நியூயார்க்கின் ராக்பெல்லர் நிறுவனத்தில் நிமோனியா நோயாளிகளிடம் இதைக் கண்டுபிடித்தார்கள், அன்றிலிருந்தே இது அழற்சியின் அளவுகோல்தான், கிருமியின் பெயர்ப்பலகை இல்லை. நாளை குழந்தை சோர்ந்து கிடந்தால், மூச்சு வேகமாக வாங்கினால், சிறுநீர் குறைந்தால் எண் என்னவாக இருந்தாலும் டாக்டரிடம் போங்கள். விளையாடிக்கொண்டு தண்ணீர் கேட்டுக் குடிக்கிறாள் என்றால் டெஸ்டைத் திரும்ப எடுக்க வேண்டுமா என்பதை அவர் சொல்லட்டும்.

கோவை வாசகர்: எங்கள் தெருவில் மரம் வைக்கப் போகிறோம். எந்த மரம் புகையைத் தாங்கும் என்று ஒரு குறியீட்டெண் இருக்கிறதாமே?

இருக்கிறது. வாரணாசியைச் சேர்ந்த சிங், ராவ் இருவரும் 1983-ல் கொடுத்தது. இலையில் வைட்டமின் சி, மொத்தப் பச்சையம், இலைச்சாற்றின் பிஎச், ஒப்பு நீர் அளவு நான்கையும் ஒரு சூத்திரத்தில் போட்டு ஒரே எண்ணாக்குகிறார்கள். வெவ்வேறு அலகுகளில் உள்ளவற்றைக் கூட்டிப் பெருக்குவது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, ஆனாலும் ஒரே தெருவில், ஒரே பருவத்தில் எடுத்த இலைகளை ஒப்பிட உதவும். வேறு ஊரின் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், மழைக்கு முன்னும் பின்னும் எடுத்தாலே எண் மாறும். உங்கள் தெருவில் ஏற்கெனவே இருபது வருடமாக நன்றாக நிற்கிற மரம் எது என்று பாருங்கள். புங்கனோ வேம்போ, அதையே வையுங்கள்.

பெயர், ஊர் வெளியிட விரும்பாத வாசகி: எங்கள் வீட்டுக்குப் பின்னால் பழைய பேட்டரி உடைக்கும் பட்டறை இருக்கிறது. கொல்லையில் கீரை போட்டிருக்கிறேன், செழிப்பாகத்தான் வருகிறது. குழந்தைக்குக் கொடுக்கலாமா?

வேண்டாம். செழிப்பாக இருப்பது எந்த உத்தரவாதமும் இல்லை. ஈயம் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும், ஆனால் பட்டறைத் தூசி இலை மேல் படியும், மடிப்பில் ஒட்டியதைக் கழுவியும் முழுதாகப் போக்க முடியாது. காட்மியம் அப்படியில்லை, வேரிலிருந்து இலைக்குச் சுலபமாக ஏறும். உள்ளே வந்த காட்மியத்தைச் செடி குளூட்டாதையோனிலிருந்து செய்த பைட்டோகெலாட்டின் என்ற சங்கிலிகளால் கட்டிச் செல்லின் குமிழில் பூட்டிவிடும். அதனால்தான் இலை வாடாமல் பச்சையாகவே இருக்கிறது. 1985-ல் ஜெர்மனியில் இதைக் கண்டுபிடித்தது நம் சர்ப்பகந்தா மூலிகையின் செல்களில்தான். செடி தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது, சாப்பிடுகிறவரை அல்ல.

குழந்தைக்கு முதலில் எடுக்க வேண்டியது நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தில் ஈய அளவு. அமெரிக்காவில் 2021 முதல் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்கிறார்கள், உலக சுகாதார நிறுவனம் 5 வந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தச் சொல்கிறது. அதற்குக் கீழே பயமே இல்லை என்றும் அர்த்தமில்லை. ஏஎல்ஏடி என்று ஒரு நொதி இருக்கிறது. நம் ரத்தத்தின் ஹீமும் இலையின் பச்சையமும் உருவாகும் வழியில் தொடக்கத்தில் நிற்பது அதுதான், இரண்டு இடத்திலும் அதே வேலை. மனித நொதிக்குத் துத்தநாகம் வேண்டும், ஈயம் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும், ரத்தம் உருவாவது தடைபடும். ஹீம் உருவாகும் கடைசிப் படியையும் ஈயம் தடுப்பதால், அங்கே இரும்புக்குப் பதில் துத்தநாகம் சேர்ந்த ஜிங்க் புரோட்டோபார்பிரின் ஏறும் என்று அதை மட்டும் அளந்து தருகிறவர்கள் உண்டு. சாதாரண இரும்புச்சத்துக் குறைவிலும் அது ஏறும், குறைந்த அளவு ஈயத்தில் ஏறாமலும் இருக்கும், அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். இரும்புச்சத்தையும் கூடவே பார்க்கச் சொல்லுங்கள், இரும்பு குறைந்த குழந்தையின் குடல் ஈயத்தை அதிகமாக உறிஞ்சும். தரையை ஈரத்துணியால் துடையுங்கள், சாப்பிடும் முன் கை கழுவட்டும், பட்டறையில் வேலை செய்கிறவர் வீட்டில் இருந்தால் அந்த உடுப்போடு உள்ளே வர வேண்டாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடி வாசகர்: ஆஸ்பிரின் மாத்திரையைக் கரைத்துத் தக்காளிச் செடிக்கு ஊற்றினால் நோய் வராது என்கிறார்களே?

முழுப் பொய் இல்லை. சாலிசிலிக் அமிலம் செடிக்குள் நோய்க்கிருமி நுழைந்ததும் ஏறுகிற எச்சரிக்கைப் பொருள், 1979-ல் இங்கிலாந்தில் ஆஸ்பிரின் ஏற்றிய புகையிலை இலைகளில் மொசைக் வைரஸ் புள்ளிகள் குறைந்ததைப் பார்த்திருக்கிறார்கள். ஆய்வகத்தில் அளவு தெரியும், உங்கள் வாளியில் தெரியாது, கூடினால் இலை கருகும். நோய் வந்த இலையைக் கிள்ளி எறிந்து, அடியில் தண்ணீர் தேங்காமல் பாருங்கள், போதும். மாத்திரை மீந்தால் அதைக் காய்ச்சலுக்குப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிடாதீர்கள். ஃப்ளூவிலும் சின்னம்மையிலும் ஆஸ்பிரின் கொடுத்த குழந்தைகளில் சிலருக்குக் கல்லீரலும் மூளையும் ஒருசேரப் பாதிக்கும் ரேய் நோய்க்குறி வந்திருக்கிறது. காய்ச்சலுக்கு எடைக்கேற்ற பாராசிட்டமால்தான்.